குழந்தை வாசிக்கிறதா என்று முதலில் கேட்போம்

(ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் மேலாண்மைக் குழுத் தலைவர் பொறுப்புக்குப் போட்டியிட்ட தாய் ஒருவர், 2024ஆம் ஆண்டு பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, ஊராட்சி உறுப்பினர்களே, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, அண்ணன்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி மேலாண்மைக் குழு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு நோட்டுப் புத்தகம். மாதம் ஒருமுறை அதில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது நம் வேலை. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது நம் வேலை. வந்த பணம் எதற்குச் செலவானது என்று பார்ப்பதும் நம் வேலை. இதை யாரும் நமக்குச் சலுகையாகத் தரவில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தந்திருக்கிறது.

நான் தலைவரானால் குழுவின் முதல் கேள்வி கட்டடத்தைப் பற்றியதாக இருக்காது. மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் ஒரு பத்தியைத் தடையில்லாமல் வாசிக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சிறு குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அப்போது ஒன்றாம் வகுப்பில் பெயர் மட்டும் எழுதப்பட்டு, வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்குப் போன குழந்தைகள் இன்று ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போவார்கள். அங்கே அறிவியலும் சமூக அறிவியலும் பக்கம் பக்கமாக இருக்கும். கணக்கைக்கூட முதலில் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். வாசிக்கத் தெரியாத குழந்தை அந்த வகுப்பில் வாய் திறக்காமல் ஓர் ஆண்டை ஓட்டிவிடும். அடுத்த ஆண்டு பள்ளிக்கு வர மறுக்கும். பையனென்றால் பட்டறைக்கு, பெண்ணென்றால் வீட்டு வேலைக்கு.

என் திட்டம் எளிமையானது. குழு கூடும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக வருவோம். குழந்தைகளை ஒவ்வொருவராக அருகில் உட்காரவைத்து, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்போம். மதிப்பெண் கிடையாது. யாருடைய பெயரையும் கூட்டத்தில் சொல்ல மாட்டோம். எந்தக் குழந்தைக்கு உதவி தேவை என்பதை வகுப்பாசிரியரோடு மட்டும் பேசுவோம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நம் தெருக்களிலேயே படித்த பெண்கள் மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தந்தார்கள். அவர்களில் சிலர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அந்த மாலை வகுப்பை, வாசிக்கத் திணறும் குழந்தைகளுக்காக மட்டுமாவது, குழு தன் பொறுப்பில் தொடர்ந்து நடத்த வேண்டும்.

தேர்வு வைத்து நிறுத்தினால்தான் பிள்ளைகள் படிப்பார்கள் என்று சில அப்பாக்கள் என்னிடம் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பை 2020இல் அரசு திரும்பப் பெற்றது. அது சரியான முடிவு. பத்து வயதுக் குழந்தையைத் தோல்வி என்று முத்திரை குத்தினால், ஏழை வீட்டில் அதுதான் படிப்பு நிற்கும் நாள்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்க வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் கணக்கு. இரண்டு பேர், ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் பயிற்சிக்குப் போகிறார். மற்றவர், பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். பாடம் யார் நடத்துவது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிரக் கல்வி சாராத எந்தப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இந்தப் பதிவேற்றும் வேலை, பள்ளி வேலை என்ற பெயரிலேயே வந்து பாடவேளையை எடுத்துக்கொள்கிறது. மாதந்தோறும் எத்தனை பாடவேளைகள் இப்படிப் போயின என்று குழு குறித்துவைத்து, தீர்மானமாக எழுதி, வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பும். ஆசிரியர் இதைச் சொன்னால் புகார் என்பார்கள். பெற்றோர் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கழிப்பறையைப் பற்றி இங்கிருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு வரும் பெண் குழந்தைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருகிறது. 31 முதல் 100 பேர் வரை என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்குச் செலவாக வேண்டும். அந்தப் பத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று ரசீதோடு பெற்றோர் பார்க்கும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்வேன். 1950களின் இறுதியில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் தங்கள் பள்ளிகளுக்குத் தேவையான பொருள்களையும் பணத்தையும் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த வழக்கம் நமக்குப் பெருமை. கரும்பலகைக்கும் புத்தகத்துக்கும் இன்றும் கேட்போம். ஆனால் தூய்மைப் பணியாளரின் கூலி நன்கொடையை நம்பி இருக்கக் கூடாது. அது ஒவ்வொரு மாதமும் வர வேண்டிய பணம்.

மெட்ரிக் பள்ளி வேன் நம் தெருவுக்குள் வந்து நிற்பது எல்லாருக்கும் தெரிகிறது. அங்கே அனுப்பும் பெற்றோர் மீது எனக்குக் கோபமில்லை. தமிழில் தடையின்றி வாசிக்கும் குழந்தைக்கு ஆங்கிலம் கைவசப்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் பள்ளியில் அதை நடத்திக் காட்டினால் அவர்கள் திரும்பி வருவார்கள்.

இன்னும் ஒன்று. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மிக நல்ல திட்டம். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நம் பள்ளி எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. மூன்றாம் வகுப்புத் தம்பி தட்டில் பொங்கல் வாங்கிச் சாப்பிடும்போது, அவனைக் கைபிடித்து அழைத்து வந்த ஏழாம் வகுப்பு அக்கா அதே வளாகத்தில் வெறும் வயிற்றோடு நிற்கிறாள். அவள் அம்மாவும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போனவள்தான்.

எட்டாம் வகுப்பு வரை காலை உணவு வேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு நீங்கள் ஆதரவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசித்துத் தீர்மானமாக்கக் கேட்பேன். மனு சத்துணவுக் கூடத்துக்கு வெளியே உள்ள மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்திடுங்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு நான் அருகில் நின்று வாசித்துக் காட்டுகிறேன்.