சாயங்காலம் நாலு மணிக்கு மனையில்

(கட்டடக்கலை மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். நம் தொழிலின் எதிர்காலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது சில மாதங்களுக்கு முன்பே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டுப் போனது, அதையே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணவன் மனைவி வந்தார்கள். 30க்கு 60 மனை, மேற்குப் பார்த்தது. அவர் கைபேசியை நீட்டினார். செயற்கை நுண்ணறிவு வரைந்த வீடு. முகப்பு முழுக்க, இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி. "எலிவேஷன் ரெடி சார், பிளான் மட்டும் போட்டுக் கொடுங்க. சதுர அடிக்கு எவ்வளவு?" என்றார். படம் அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்தாலும் எனக்கு அப்படி வராது.

வாதாடவில்லை. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மனைக்கு வரச் சொல்லி, கண்ணாடி வரவேண்டிய இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேற்கே பார்க்க உட்காரவைத்தேன். பத்தே நிமிடம். அந்த அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "இங்கேதான் ஹாலா?" என்று கேட்டார்.

மேற்கு வெயில் தாழ்ந்து வரும். சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேரே சோபாவில் வந்து உட்காரும். வடக்கு ஜன்னலுக்கு நிழல் வேண்டாம் என்று சில புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அவை குளிர்நாட்டுப் புத்தகங்கள். ஜூன் மாதம் நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. அந்தப் படத்துக்கு இதெல்லாம் தெரியாது. வரைந்த இயந்திரத்தைக் கேட்டால் சொல்லக்கூடும், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பது படத்தைக் கொண்டுவந்தவருக்குத் தெரியவில்லையே!

சரி, சட்டம் நம்மைக் காப்பாற்றுமா? 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரை மட்டும்தான், பதிவு செய்யாதவர் கட்டடம் வடிவமைப்பதை அது தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்ரூவல் வாங்கித் தந்தே பிழைத்தவர்களுக்கும் சிக்கல்தான். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் சுயசான்று போதும். இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. மக்களுக்கு நல்லது. நானும் இதற்காக அலுவலகப் படியேறி அலைந்தவன்தான், வருத்தமில்லை.

ஆனால் நம் கூலியை இன்னமும் வரைபடத் தாள் கணக்கிலும் சதுர அடிக் கணக்கிலும்தானே கேட்கிறோம்? தாளைத்தான் இப்போது இயந்திரம் சும்மா தருகிறது. அதனால் அவர்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டில் முதல்முறையாக, மனைக்கு வந்து நிற்பதற்கென்று தனியாக ஒரு தொகை எழுதினேன். அவர் பேரம் பேசினார். அந்த அம்மாதான், "அதுல குறைக்காதீங்க" என்று அவரை அடக்கினார்.

இப்போது முகப்பில் ஆழமான திண்ணை, அதன் முன்னால் செங்கல் ஜாலி, அதாவது துளைகள் விட்டுக் கட்டும் சுவர். அடுத்த வாரம் கதவு, ஜன்னல்களுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட். வர விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள், தொப்பி கொண்டுவாருங்கள்.