வன்னியும் தெண்டியும்

நேயர்களுக்கு வணக்கம். தேவனாம்பட்டினத்தில் என் பெரியப்பா நங்கூரம் போட்டதும் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விடுவார். இரண்டு விரலுக்கு நடுவே கயிறு வழுக்கிக்கொண்டு போகும். அது வடக்கே சாய்ந்தால் நீரோட்டம் தெண்டி, தெற்கே சாய்ந்தால் வன்னி. வலை பற்றிய பேச்செல்லாம் அப்புறம்தான்.

அந்தக் கயிற்றைச் சாய்த்த நீரோட்டம் நம் கிழக்குக் கரை நெடுக ஓடுகிறது. மார்ச், ஏப்ரலில் வடக்கே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. தென்மேற்குக் காற்று தொடங்கும் முன்பே வடக்கே ஓடுகிறது, கவனியுங்கள். நம் ஊர்க் காற்று மட்டும் அதைத் தள்ளவில்லை. வங்கக் கடலின் வேறு மூலைகளில் வீசும் காற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

செயற்கைக்கோள் இதை எப்படிப் பார்க்கிறது? கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வோமே, அந்தக் கணக்குதான். 2013-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன சரல் என்ற செயற்கைக்கோள், ரேடார் துடிப்பைக் கீழே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளந்தது. கடல் ஒரே மட்டமாக இல்லை. ஓரிடத்தில் சாண் உயரம் மேடு, ஓரிடத்தில் பள்ளம். பூமி சுழல்வதால் தண்ணீர் பள்ளத்தில் நேராக இறங்காமல் மேட்டின் ஓரமாகவே ஓடும். மேடு பள்ளம் தெரிந்தால் ஓட்டமும் தெரியும்.

ஆனால் கரைக்குப் பக்கத்தில் நிலத்தின் எதிரொலியும் கலந்துவிடுகிறது. கடலுக்குள் இறங்கி ஏறி அளக்கும் ஆர்கோ மிதவைக் கருவிகளும் உண்டு. அவை 1000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, 2000 மீட்டர் வரை இறங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வருபவை. கரையோரத்தில் அவற்றுக்கு ஆழம் போதாது. நம் படகுகள் நிற்பதோ அங்கேதான்!

இதனால்தான் எங்கே போனாலும் அந்தப் பாட்டில் கதையைச் சொல்கிறேன். கிழக்குக் கரையில் பல இடங்களில் மீனவர்கள் கடல்நீரைப் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார்கள். விஞ்ஞானிகள் உப்பை அளந்தார்கள். கங்கை, பிரம்மபுத்திரா கொட்டிய நன்னீர் கரையை ஒட்டி ஒரு ஆறுபோலத் தெற்கே இறங்கி வருவது தெரிந்தது. 2014-இல் வெளியான ஆய்வு இது. காசிப் பக்கத்துத் தண்ணீர் நம் வாசலைக் கடந்து போகிறது! வானத்திலிருந்து பார்த்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த பாட்டிலைப் பிடித்த கையும் கருவிதான் என்பேன்.

சரி, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கடலூரிலும் கல்பாக்கத்திலும் கடற்கரை ரேடார் வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து மேல்நீர் ஓடும் வேகத்தையும் திசையையும் சொல்லும். அதன் கம்பத்தைப் பார்த்தால் வலை உலர்த்தக் கயிறு கட்டிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.