அடைக்கோழியிடம் அயல்குஞ்சுகளைச் சேர்ப்பது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பேசுகிறேன். பிசான நெல் அறுத்து முடிந்து புது வைக்கோல் வந்திருக்கிறது. அதைத்தான் இந்தப் பனையோலைக் கடகப்பெட்டியில் விரித்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்திருப்பது செவலைப் பெட்டை, சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனம். இன்று இரவு, இது பொரிக்காத குஞ்சுகளை இதனிடம் சேர்க்கப் போகிறோம்.

இது அடை காத்த முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றிலாவது சிவப்பு நரம்பு ஓட வேண்டுமே, இல்லை. அத்தனையும் கூமுட்டை. கோழிக்கு அது எப்படித் தெரியும்? நாளுக்கு ஒரு தடவை எழுந்து, நாலு தானியம் கொத்திவிட்டு, ஓடிவந்து உட்கார்ந்துகொள்கிறது. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கையில் தட்டுகிறது. இப்படி இருக்கும் கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளிய வைக்கிறார்கள் சிலர். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. தாயாகத் தயாராகிவிட்ட உயிர் அது. அதற்குக் குஞ்சு கொடுப்பதுதான் நியாயம்.

குஞ்சுகள் பக்கத்து ஊரில் இன்குபேட்டர் வைத்திருக்கும் அண்ணாச்சியிடமிருந்து வந்தவை. இன்று காலையில் பொரித்தவை. இவற்றைப் பல்பு போட்டும் வளர்க்கலாம். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆனால் பருந்து வட்டமிடும்போது குரல் கொடுத்துக் குஞ்சை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ள பல்பால் முடியுமா? எதைக் கொத்த வேண்டும், எதைக் கண்டால் ஓட வேண்டும் என்பதைத் தாய்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டு விஷயம் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். ஒன்று, கோழி உண்மையிலேயே அடையில் இருக்க வேண்டும். முட்டையிட உட்கார்ந்த கோழி ஆள் போனால் எழுந்து ஓடிவிடும். அடைக்கோழி எழாது. இதோ, கையை அடியில் விடுகிறேன், பாருங்கள். உடம்பு முழுக்கச் சிலிர்த்து இரண்டு மடங்காகிவிட்டது. அந்தக் கரகரப்பான உறுமல் கேட்கிறதா? வயிற்றில் இறகு உதிர்ந்து, வெறும் தோல் சுடுகிறது. புரோலாக்டின் என்ற சுரப்பு கூடியிருக்கும்போது கோழி இந்த நிலைக்கு வரும். நேற்றுத்தான் அடைக்கு உட்கார்ந்த கோழியிடம் குஞ்சைக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு வாரமாவது முட்டையில் ஊன்றி உட்கார்ந்திருந்தால் நம்பலாம். அடைக்கு உட்காரும் இந்தக் குணம் சிறுவிடையிலும் மற்ற நாட்டுக்கோழிகளிலும்தான் நன்றாக நிற்கிறது. பண்ணை முட்டைக்கோழிகளில் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தே வளர்த்துவிட்டார்கள்.

இரண்டாவது, குஞ்சின் வயது. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கண் திறந்த அந்த முதல் நாட்களில் எதன் பின்னால் போகிறதோ, அதைத்தான் குஞ்சு தாயாக எடுத்துக்கொள்ளும். நாலைந்து நாள் பல்பின் கீழ் இருந்துவிட்டால், கோழியைக் கண்டு மிரண்டு மூலைக்கு ஓடும். கோழி ஏற்றுக்கொண்டாலும் குஞ்சு ஒட்டாது. அப்புறம் இரவுக் குளிரில் ஒவ்வொன்றாகப் போய்விடும். பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் இரண்டு நாள் வரை இரை இல்லாமலும் தாங்கும். ஆகவே "குஞ்சு பசிக்குமே" என்று பதறிப் பட்டப்பகலில் கொண்டுபோய் விடாதீர்கள், இருட்டட்டும்.

ஏன் இருட்டு? 1930களில் ஜெர்மனியில் ஒரு சோதனை செய்தார்கள். குஞ்சைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து மூடினார்கள். அது துடித்துக் கத்துவது கோழியின் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே குஞ்சை ஒரு தட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தால், கத்தல் கேட்ட மாத்திரத்தில் ஓடி வந்தது. பெற்ற மனம் காதில் இருக்கிறது. வயிற்றுத் தோலிலும் இருக்கிறது, குஞ்சு அடியில் நெளிகிற அந்த உணர்ச்சிதான் அடைக்கோழியைத் தாய்க்கோழியாக மாற்றுகிறது. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்போது அதற்கு வேலை செய்வது இந்த இரண்டும்தான். பகலில் கொண்டுபோனால், 'இது யார் புதிதாக?' என்று கண் முந்திக்கொள்ளும்.

சரி, ஊர் அடங்கிவிட்டது. டார்ச்சின் மேல் துணி சுற்றியிருக்கிறேன், படம் மங்கலாகத்தான் இருக்கும். குஞ்சைக் கைக்குள் பொத்திக்கொள்ளுங்கள். புறங்கை கோழியின் அலகுப் பக்கம் இருக்கட்டும், கொத்தினால் நம் கையில் விழும். பக்கவாட்டில், இறக்கைக்கு அடியில் நுழைத்து விடுங்கள். வரும்போது ஒரு கூமுட்டையோடு கையை வெளியே எடுங்கள். மெதுவாக! நாள்பட்ட கூமுட்டை உடைந்தால் நாற்றம் தாங்காது.

இப்போது கொஞ்சம் சும்மா இருங்கள். ஒன்றைவிட்டு அடுத்ததை அடுக்காதீர்கள்.

கேட்கிறதா? முதலில் கீச்சென்று கத்தியது, இப்போது அந்தச் சத்தம் தாழ்ந்து மென்மையாக உருள்கிறது. சூடு கிடைத்துவிட்டது. கோழியும் உறுமலை விட்டுவிட்டு, தொண்டைக்குள்ளேயே கொக்… கொக்… என்கிறது. எங்கள் ஆச்சி இந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த குஞ்சை வைப்பார்கள். நானும் அப்படியே செய்கிறேன். சிறுவிடை உடம்புக்குப் பத்துக் குஞ்சு போதும். அதற்கு மேல் போனால் ஓரத்தில் கிடப்பது குளிரில் விறைத்துவிடும். பெட்டி தரையில் இருப்பதையும் கவனியுங்கள். பரணில் இருந்தால் கீழே விழுந்த குஞ்சு திரும்ப ஏற முடியாது.

இப்போது மறுநாள் விடிகாலை. கோழி குஞ்சுகளை வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்க்கும் நேரம் இதுதான், ஆகவே அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டேன். அதோ, இறக்கை இறகை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்க்கிறது! மினுமினுப்பாக இருக்கிறதென்று தாயின் கண்ணையே கொத்துகிறது. கோழி கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்கிறது. பார்த்தீர்களா, நேற்று என் கையைக் கொத்திக் கிழித்த அதே கோழி.

ஒரு வெள்ளைக் குஞ்சு மட்டும் இருக்கிறது, மற்றவை கீரி நிறம். நிறம் வேறாக இருக்கும் குஞ்சைச் சில கோழிகள் ஒதுக்கும். இது லேசாக ஒரு தட்டுத் தட்டியது, குஞ்சு உள்ளே போய்விட்டது. இந்த மாதிரித் தட்டு அதட்டல்தான், பயப்பட வேண்டாம். தலையைக் கவ்வி உதறினாலோ, துரத்தித் துரத்திக் கொத்தினாலோ அந்த நொடியே குஞ்சுகளை எடுத்துவிடுங்கள். பொழுது போகப் போகச் சரியாகும் என்று காத்திருந்தால் குஞ்சு மிஞ்சாது. அப்படிப்பட்ட கோழியை வற்புறுத்தவும் வேண்டாம், பல்பைப் போட்டு நாமே வளர்க்க வேண்டியதுதான்.

குருணை தூவுகிறேன். இதோ, கோழி ஒரு மணியை எடுத்து எடுத்துக் கீழே போடுகிறது, குரலும் வேகமாகிவிட்டது. குஞ்சுகள் ஓடி வருகின்றன. இதைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள். சில நாள் பஞ்சாரத்துக்குள்ளேயே (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) இருக்கட்டும், கீரிக்கும் காக்காய்க்கும் அதுதான் காவல். கறையான் கொடுத்தால் குஞ்சு நன்றாகத் தேறும். பழைய பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்துத் தண்ணீர் தெளித்து, கறையான் இருக்கிற இடமாகப் பார்த்து மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் ஏறியிருக்கும். ஒரு வாரம் கழித்து, 'இன்னும் இரண்டு குஞ்சு கிடைத்தது' என்று கொண்டுவந்து சேர்க்காதீர்கள். அதற்குள் தன் குஞ்சு எது என்று கோழிக்கு நன்றாகத் தெரிந்துவிடும், வந்ததைக் கொன்றே போடும்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வராமல் இருக்கக் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து விட வேண்டும், கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இலவச முகாம் நடத்துகிறது. மேல்சந்தேகம் இருந்தால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது.

கூமுட்டை வரைக்கும் காத்திருக்காமல் திட்டமிட்டே செய்ய நினைப்பவர்கள், கோழி அடைக்கு உட்கார்ந்த அன்றைக்கே இன்குபேட்டரிலும் முட்டை வைக்கச் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் 21 நாள்தான் கணக்கு.