பெட்டி கட்டி வைத்த தாத்தாவும் இந்த வருஷத்து வசன அட்டையும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். புது வருஷ வாழ்த்துகள். மூன்றாம் தேதிதான் ஆகிறது, அதனால் இன்னும் சொல்லலாம். கரண்ட் இருக்கும்போதே பேசி முடிக்கப் பார்க்கிறேன். நடுவில் முகம் இருட்டாகிப் போனால் பயந்துவிடாதீர்கள், குரல் வரும்.

பின்னால் கேட்கிற சத்தம் எங்கள் தெருப் பையன்கள். நாளைக்கு ஜனவரி 4, பர்மா 1948-இல் சுதந்திரம் வாங்கிய நாள். சாக்கு ஓட்டம், வழுக்கு மரம் எல்லாம் உண்டு. மூங்கிலில் இன்றைக்கே எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார்கள். ரங்கூனுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சிரியத்தில், அதாவது இப்போதைய தன்லினில், வருஷப் பிறப்பு இந்தக் கூச்சலோடுதான் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய வருஷ ஆராதனை இந்தத் தடவையும் சாயங்காலமே முடிந்துவிட்டது. நடுராத்திரி மணியடித்து, கட்டிப்பிடித்து, கேக் வெட்டின காலமெல்லாம் இப்போது இல்லை. ஆனால் வாக்குத்தத்த அட்டை எடுப்பதை மட்டும் யாரும் விடவில்லை. தட்டு வரும், கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் நமக்கு அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் தரும் வசனம். என் அம்மா இரண்டு எடுத்து, நல்லதாகப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டேன் என்று கோபப்படுவார்கள், பரவாயில்லை.

எனக்கு வந்தது எரேமியா 29:11. நம் வீடுகளில் காலண்டரில், காபி கப்பில், கல்யாணப் பத்திரிகையில் பார்த்துப் பார்த்துப் பழகின வசனம். ஆண்டவர் நம்மேல் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கானவை என்பது. எனக்கு இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் பைபிளுக்குள் வைத்து மூடிவிட்டேன். இந்தத் தடவை ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை, தூக்கமும் வரவில்லை. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு அதற்கு முந்தின அதிகாரத்திலிருந்தே வாசித்தேன்.

அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். பாபிலோன் ராஜாவின் நுகத்தை ஆண்டவர் உடைத்துவிட்டார், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களும் வருவார்கள் என்கிறார். கேட்க எவ்வளவு இனிப்பு! எரேமியாவும் "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்கிறார். ஆனால் அது பொய் என்று பிறகு தெரிகிறது. அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எழுபது வருஷம் ஆகும். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் பதினோராம் வசனம் வருகிறது. எழுபது வருஷம் என்பது அட்டையில் இல்லை. அதைப் போட்டால் யார் எடுப்பார்கள்?

"இரண்டு வருஷம்" என்று வாசித்ததும் எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. ரங்கூனில் தாத்தாவுக்கு ஒரு சின்ன மளிகைக் கடை இருந்தது. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்த மே மாதத்திலேயே ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாது என்று ஆனது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கப்பல் ஏறி மெட்ராஸுக்குப் போனார்கள். தாத்தாவும் தகரப்பெட்டி கட்டினார். பாட்டிக்கு உடம்பு சரியில்லை, பயணம் தள்ளிப்போனது. "ரெண்டு வருஷத்துல போயிடலாம்" என்றார். அப்புறம் சிரியத்துக்கு வந்தோம். அந்தப் பெட்டி கட்டில் அடியிலேயே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இடம் கிடந்தும் தாத்தா ஒரு செடி வைக்கவில்லை. காய்க்கிறதுக்குள்ள நாம இருக்க மாட்டோம் என்பாராம். இதைச் சொல்லிக்கொண்டே இருபத்தி நான்கு வருஷம் இங்கே இருந்தார், இங்கேயே அடக்கமானார். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு வேஷ்டி, ஒரு தமிழ் பைபிள், பாச்சை உருண்டை.

1964-லிருந்து எழுபது என்று விரல் விட்டு எண்ணினேன், 2034 வருகிறது. இப்படியெல்லாம் கணக்குப் போடக்கூடாதுதான். ஆனால் போட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போகிறவர்களைக் குறை சொல்ல நான் இதைப் பேசவில்லை. என் தம்பி மகன் போன வருஷம் கிளம்பிவிட்டான், ஏன் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குப் பெட்டி கட்டிக் கொடுத்ததே நான்தான். நான் சொல்வது, இருந்துகொண்டே இல்லாததுபோல இருப்பதைப் பற்றி. கூரை ஒழுகுகிறது, "எதுக்கு மாத்தணும், பாக்கலாம்" என்று நானும் நாலு மழைக்காலம் ஓட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் மகளைக் கூப்பிட்டு அதே பகுதியை பர்மிய பைபிளில் வாசிக்கச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அது அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயா மொழிபெயர்த்தது. அவர் ரங்கூனுக்கு வந்தது 1813-இல். அவரிடம் முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819-இல், ஆறு வருஷம் கழித்து! முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தது 1834-இல், நடுவில் ஜெயில் வாசமும் உண்டு. அவரும் இரண்டு வருஷம் பார்ப்போம் என்று கப்பலேறிப் போயிருந்தால் என் மகள் கையில் அன்றைக்கு என்ன இருந்திருக்கும்?

அவள் வாசிக்கும்போது ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். நாம் 'கர்த்தர்' என்று வாசிக்கிற இடத்தில் அதில் 'தாவர பயா' என்று இருக்கும். எழுத்தில் தாவர, வாயில் 'தாவய'. பயா என்றால் சாமி, புத்த கோயிலுக்கும் அதே சொல்தான்; ரங்கூனில் இருக்கிற ஷ்வேடகோனும் பயாதான். தாவர என்றால் நிலைத்திருக்கிற என்று அர்த்தம், பாளியிலிருந்து வந்த சொல். நம் தாவரமும் அதே வேர்தான், இடம்விட்டு நகராதது! இத்தனை வருஷம் இரண்டு மொழியும் பேசியும் எனக்கு இது தோன்றவே இல்லை. மகள் "அப்போ சாமி செடியாம்மா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன்.

கூரைக்குத் தகரம் சொல்லியாயிற்று, விலையைக் கேட்காதீர்கள். அப்புறம் இதோ, கேமராவைத் திருப்புகிறேன், தெரிகிறதா? முருங்கைக் கொம்பு. பக்கத்து வீட்டு பர்மிய அக்கா வெட்டிக் கொடுத்தார்கள். நுனியில் சாணி அப்பி நேற்று நட்டேன், சாய்ந்தாற்போலத்தான் நிற்கிறது. இன்னும் துளிர்...

போச்சு, கரண்ட் போய்விட்டது. சரி, துளிர்த்தால் காட்டுகிறேன்.