மரத்தில் ஒரு சிக்குக் கோலம்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பலகையில் சிக்குக் கோலம் அறுத்தெடுப்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு உதவும் கருவிக்கு ஸ்க்ரோல் சா என்று பெயர். மரவேலை என்றதும் பெரிய பட்டறை, காதைப் பிளக்கும் சத்தம், ஆள் உயர ரம்பம் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும். பார்க்கத் தையல் மிஷின் மாதிரி இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். ரம்பம் நின்ற இடத்திலேயே நிற்கும். நாம்தான் பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் இதைக் காலால் மிதித்தே ஓட்டினார்கள். இப்போது சின்ன மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை பிளேடு ஏறி இறங்கும்படி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

அந்தப் பிளேடைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நீளம் 5 அங்குலம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்ற 5ஆம் எண் பிளேடின் அகலம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். கனம் அதில் பாதிகூட இல்லை. இவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்ப முடிகிறது. இன்னொன்றும் செய்யலாம். பலகையின் நடுவில் சின்னத் துளை போட்டு, பிளேடின் மேல் முனையைக் கழற்றி, துளை வழியாகக் கோத்து, மறுபடி மாட்டி முறுக்கினால், ஓரத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் அறுக்கலாம். மர ஜன்னலின் மேல் பூவேலை, சாமிப் படச் சட்டத்தின் கொடிவேலை எல்லாம் இப்படி அறுத்தெடுக்கலாம்.

சரி, கோலத்துக்கு வருவோம். நம் வீட்டு வாசலில் தினமும் ஒரு வடிவம் பிறக்கிறது. வேறு எங்கும் போய் டிசைன் தேட வேண்டியதில்லை. ஆனால் சிக்குக் கோலத்தை அப்படியே பலகையில் வரைந்து, கோட்டின் மேலேயே அறுத்தால் என்ன ஆகும்? துண்டு துண்டாகக் கையில் வந்துவிடும். மாவால் போட்ட கோடு தரையில் நிற்கும். அறுத்த கோடு வெறும் இடைவெளி. ஆகவே சிந்தனையைத் திருப்பிப் போட வேண்டும். கோடு மரமாக நிற்கட்டும், கோட்டுக்கு நடுவே இருக்கும் வெற்றிடங்களை வெட்டி எடுப்போம். கோலத்தின் ஒவ்வொரு கோட்டையும் 5, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள இரட்டைக் கோடாக வரைந்துகொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் மிஞ்சப்போகும் மரம்.

எத்தனை துளை போட வேண்டும் என்பதற்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. கோடும் கோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடங்களை எண்ணுங்கள். அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். உள்ளே கோட்டால் அடைபட்ட வெற்றிடங்கள், அதாவது அறைகள், அத்தனை இருக்கும். ஓர் அறைக்கு ஒரு துளை. 8 என்ற எண்ணை எழுதிப் பாருங்கள்: வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்று, அறை இரண்டு. கோலம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தனித்தனியாகப் பிரிந்து நிற்காமல் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு தவறாது. 12 இடத்தில் வெட்டிக்கொண்டால் 13 அறை, 13 துளை. ஒவ்வொரு அறைக்கும் பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டும். அதுதான் இந்த வேலையில் பாதி நேரம். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். ஓர் அறை முடிந்து அடுத்த அறைக்குப் போகும்போது கையும் கண்ணும் கொஞ்சம் இளைப்பாறும்.

நடு அறைகளை முதலில் அறுத்துவிட்டு, கோலத்தின் வெளிக்கோட்டைக் கடைசியாக அறுங்கள். சுற்றிலும் பலகை இருக்கும் வரைதான் பிடித்துத் திருப்ப வசதி. புள்ளிகள் எல்லாம் அறையோடு சேர்ந்து விழுந்துவிடும். பின்னால் கறுப்பாக வார்னிஷ் அடித்த இன்னொரு பலகையை ஒட்டி, அதில் வெள்ளைப் பெயின்டால் புள்ளி வைத்துவிட்டால் போதும்.

இதற்கு எந்த மரம்? நல்ல தேக்குதான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கோலத்துக்குத் தேக்கைவிட 6 மில்லிமீட்டர் பிளைவுட் நல்லது என்பேன். மரத்தின் பலம் ரேகை ஓடும் திசையில்தான் இருக்கிறது. ரேகைக்குக் குறுக்கே மெல்லிய கீற்றாக விட்டால் விரல் பட்டதும் ஒடியும். சிக்குக் கோலத்தின் கோடோ எல்லாத் திசையிலும் வளைந்து போகிறது. பிளைவுட்டில் ஒரு தாள் நெடுக்காகவும் அடுத்த தாள் குறுக்காகவும் ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கம் வளைந்தாலும் தாங்கும். மா, வேம்பு, பூவரசு என்று தெருவில் உள்ள ஆசாரி ஒதுக்கிப் போடும் துண்டுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். பறவை, மீன், இலை மாதிரி தடிமனான உருவங்களுக்கு அவை அருமையாக இருக்கும்.

கைப்பழக்கத்தில் முக்கியமானது, தள்ளாமல் இருப்பது. பிளேடு எவ்வளவு வேகத்தில் தின்கிறதோ அவ்வளவு வேகத்தில் ஊட்ட வேண்டும். தள்ளத் தோன்றினாலே பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம்; மாற்றிவிடுங்கள். அப்புறம், நேர்கோட்டில் கொடுத்தாலும் அறுப்பு ஒரு பக்கமாக இழுக்கும். பெரும்பாலான பிளேடுகளில் தயாரிக்கும்போதே ஒரு பக்க விளிம்பில் பிசிறு நின்றுவிடுகிறது, அந்தப் பக்கம் கூடுதலாக வெட்டுகிறது. பலகையைச் சற்றே சாய்வாகக் கொடுத்துப் பழகினால் சரியாகிவிடும். மரம் கருகினால், படத்தின் மேல் அட்டைப்பெட்டி ஒட்டும் அகல டேப்பை ஒட்டி அறுங்கள். கருகல் பெரும்பாலும் நின்றுவிடும்.

மரத்தூளை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. என்-95 முகக்கவசம், கண்ணாடி இரண்டும் கட்டாயம். மதுரை வெயிலுக்கு ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்காரத் தோன்றும். தூள் வீடு முழுக்கப் பறக்கும். காலை வேளையில் மொட்டைமாடி நிழலில் உட்கார்ந்தால் நல்லது. தொங்கும் துண்டு, முந்தானை, தளர்ந்த கூந்தல் எதுவும் மிஷின் பக்கம் வரக்கூடாது. மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும், சுருட்டிய துணி தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்று செய்து பாருங்கள். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், தேசப் படத்தைப் பலகையில் ஒட்டி, எல்லைக்கோட்டில் அறுத்து, பிள்ளைகள் பூகோளம் படிக்க விற்றார். இன்றைய ஜிக்சா புதிர் அங்கே தொடங்கியது. நமக்கு மதுரையே இருக்கிறதே! நடுவில் ஆடி வீதிகளோடு சேர்த்து மீனாட்சி கோயில் ஒரு துண்டு. அதைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றையும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்காக அறுத்தால் மொத்தம் 17 துண்டுகள். ஒரு மூலையிலிருந்து கோணவாக்கில் உள்ளே நுழைந்து சுற்றி வந்தால் துளைகூடப் போட வேண்டாம். ஒரு சுற்றின் நான்கு துண்டுகளும் ஒரே வடிவம்தான். பெயரைப் படித்து, திசை பார்த்துத்தான் வைக்க முடியும். ஊரின் அமைப்பு பிள்ளைகளின் மனதில் பதிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெளியூர் போய்த் தங்கும்போது மிஷின் வேண்டாம். பிரெட் சா என்ற கைரம்பம் போதும். ஆழமான யு வடிவச் சட்டம், அதே மாதிரி மெல்லிய பிளேடு. வி வடிவில் வெட்டிய ஒரு சின்னப் பலகையை ஜி-கிளாம்ப் என்ற திருகுப் பிடியால் மேசை ஓரத்தில் பொருத்தி, அந்த வி இடைவெளியில் வைத்து அறுக்க வேண்டும். பிளேடின் பல் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கட்டும், இழுக்கும்போதுதான் வெட்டும். ஒரு கை டிரில், 3 மில்லிமீட்டர் பிளைவுட், உப்புத்தாள். எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அடங்கும். கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை.

தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கு இது நல்ல துணை. நம் பக்கத்தில் அதைவிடப் பழைய தங்கல் ஒன்று இருக்கிறது. மகா சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய், மரத்தடியில் சமைத்து, ராத்திரி முழுக்க அங்கேயே இருப்போமே, அதைச் சொல்கிறேன். பகலில் பொங்கல் வைத்து முடித்த பிறகு நீளமான நேரம் கிடக்கும். பெரியம்மா கோலம் வரைய, அண்ணன் பிள்ளை துளை போட, தாத்தா ரம்பம் பிடிக்க, ஒரே பலகையில் மூன்று தலைமுறை வேலை செய்யலாம்.

ஆனால் மரத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். காப்புக்காட்டில் காய்ந்த கிளையைக்கூட எடுக்கக் கூடாது, அது சட்டம். கோயில்காட்டில் சுள்ளி ஒடிக்கவே நம் முன்னோர் அஞ்சினார்கள். அந்த அச்சம் காத்துக் கொடுத்த மரங்களை இன்றும் பார்க்கிறோம். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவித்தார்கள். அந்த மாதிரி இடங்களுக்குப் போனால் ரம்பம் பையிலேயே இருக்கட்டும். மற்ற இடங்களில் கீழே ஒரு பழைய வேட்டியை விரித்து அறுங்கள்; பிளைவுட்டில் பசை இருக்கிறது, அதன் தூள் மண்ணுக்குப் போக வேண்டாம். பிளேடு மட்டும் ஒரு டஜன் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பழகும்போது நிறைய ஒடியும், அதற்காக யாரும் அவர்களைத் திட்ட வேண்டாம்.

நன்றி. வணக்கம்.