ஒபாமா கொடுக்காத 'ஒபாமா போன்'

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஊர் சுற்றவில்லை, சமைக்கவில்லை. கையில் ஒரு செல்போன் பில் இருக்கிறது, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பாருங்கள். மேலே என் நம்பரை மறைத்துவிட்டேன். மாதக் கட்டணம், மாநில வரி, 911 அவசர உதவிக் கட்டணம், அதற்குக் கீழே 'ஃபெடரல் யூனிவர்சல் சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு கட்டணம் இருக்கிறதா? ஒரு டாலர் சொச்சம். அமெரிக்காவில் மாத பில் கட்டுகிற பலருக்கும் இந்தக் கட்டணம் வரும். யாரும் நின்று படிப்பதில்லை.

இந்த ஒரு டாலரில் ஒரு பகுதி, ஏழைகளின் போன் கட்டணத்துக்கு உதவுகிற அரசுத் திட்டத்துக்குப் போகிறது. அதை வைத்துத்தான் இங்கே பல வருடமாகச் சண்டை நடக்கிறது. நம் ஆட்கள் கூடுகிற வாரக்கடைசி விருந்துகளிலும் கேட்டிருப்பீர்கள். சாம்பார் சாதத் தட்டோடு ஒருவர் ஆரம்பிப்பார்: "நாம் ராத்திரி பகலாக உழைத்து வரி கட்டுகிறோம், அவர்கள் உட்கார்ந்த இடத்தில் ஃப்ரீ போன் வாங்குகிறார்கள். எல்லாம் ஒபாமா ஆரம்பித்து வைத்தது." சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். ஊரில் இலவச டிவி, இலவச லேப்டாப் வந்தபோது கேட்ட அதே பேச்சு, அதே தலையாட்டல்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் ஒபாமா. இந்தத் திட்டத்தின் பெயர் லைஃப்லைன். தொடங்கிய வருடம் 1985. அப்போது அதிபர் ரொனால்ட் ரீகன். அதற்கு முந்தைய வருடம்தான் ஏடி அண்ட் டி என்ற ராட்சதப் போன் கம்பெனியைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். உள்ளூர் போன் கட்டணம் ஏறிவிடும், ஏழைகள் வீட்டுப் போனைத் துண்டித்துவிடுவார்கள் என்ற பயத்தில், எஃப்.சி.சி. என்கிற தொலைத்தொடர்பு ஆணையம் கொண்டு வந்த ஏற்பாடு இது. 1996 சட்டத்துக்குப் பிறகு இதற்கும், இதைப் போன்ற வேறு சில வேலைகளுக்கும் யூனிவர்சல் சர்வீஸ் ஃபண்ட் என்ற பொது நிதி அமைந்தது. பில்லில் காட்டினேனே, அந்த ஒரு டாலர் இந்த நிதிக்குத்தான் போகிறது.

செல்போன் எப்படி உள்ளே வந்தது? 2005-இல் டிராக்ஃபோன் என்ற ப்ரீபெய்டு கம்பெனி, எங்களுக்கும் இதில் இடம் கொடுங்கள் என்று கேட்டதற்கு எஃப்.சி.சி. வழிவிட்டது. 2008-இல் 'சேஃப்லிங்க்' என்ற பெயரில் அவர்கள் செல்போன் கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டுமே ஜார்ஜ் புஷ் காலம். ஒபாமா பதவியேற்றது 2009 ஜனவரியில். ஆனால் அந்த வருடமே 'ஒபாமா போன்' என்று ஃபார்வர்டு மெயில்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. 2012 செப்டம்பரில், தேர்தல் நேரம், கிளீவ்லாண்டில் ஒரு பெண்மணி கேமரா முன்னால் ஒபாமா எங்களுக்குப் போன் கொடுத்தார் என்று உரக்கச் சொன்ன வீடியோ நாடு முழுக்க ஓடியது. அதே மாதம்தான் ஒபாமாவை எதிர்த்து நின்ற மிட் ராம்னி 47 சதவீதம் பேர் அரசை நம்பி வாழ்கிறவர்கள் என்று பேசிய ரகசிய வீடியோவும் வெளியானது. இரண்டும் சேர்ந்து எரியாமல் என்ன செய்யும்? திட்டத்தின் பெயரே மாறிப் போய்விட்டது. இன்றைக்கும் லைஃப்லைன் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, ஒபாமா போன் என்றால் உடனே தெரியும்.

அடுத்தது இந்த 'ஃப்ரீ போன்'. லைஃப்லைன் பணத்தில் போன் வாங்கித் தருவதில்லை. கட்டணத்தில் மாதம் 9.25 டாலர் வரை உதவி, அவ்வளவுதான். அதுவும் வாடிக்கையாளர் கைக்குப் போகாது, நேராகக் கம்பெனிக்குப் போகும். பழங்குடியினர் நிலங்களில் இன்னொரு 25 டாலர் வரை சேரும். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். கையில் கொடுக்கிற மலிவு விலை செட், கம்பெனி ஆள் பிடிக்கத் தன் கைக்காசைப் போட்டுத் தருவது. மாதாமாதம் 9.25 வந்துகொண்டே இருந்தால் அந்தச் செட்டின் விலையை எடுத்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்த 9.25-க்கு என்ன கிடைக்கிறது? ஆரம்பத்தில் சேஃப்லிங்க் கொடுத்த ஒரு பிளான் மாதத்துக்கு 68 நிமிடம். வங்கிக்குக் கூப்பிட்டு ஹோல்டில் நின்றாலே தீர்ந்துவிடும். 2016-இல் விதிகளை மாற்றி, இன்டர்நெட்டையும் சேர்த்து, குறைந்தபட்ச அளவையும் படிப்படியாக உயர்த்தினார்கள். இப்போது 1000 நிமிடம் அல்லது 4.5 ஜிபி டேட்டா. நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடுகிற டேட்டா.

யாருக்குக் கிடைக்கும்? வறுமைக்கோட்டின் 135 சதவீதத்துக்குள் வருமானம் இருக்க வேண்டும். 2025 கணக்கில் தனியாளுக்கு வருடம் சுமார் 21,000 டாலர். அல்லது ஸ்னாப் என்கிற உணவு உதவி, மெடிகெய்ட் என்கிற மருத்துவ உதவி, முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் தருகிற எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை மாதிரி ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும்.

இனி மோசடி. எதிர்ப்பவர்கள் இதைச் சொல்லும்போது நான் மறுக்க மாட்டேன், ஏனென்றால் நடந்திருக்கிறது, நிறையவே நடந்திருக்கிறது. செல்போன் கம்பெனிகள் உள்ளே வந்த பிறகு செலவு எகிறி, 2012-இல் சுமார் 220 கோடி டாலரைத் தொட்டது. 2017-இல் ஜி.ஏ.ஓ. என்கிற அரசுத் தணிக்கை அமைப்பு ஒரு மாதிரியை எடுத்துப் பார்த்தது. சுமார் 35 லட்சம் பேரில் 36 சதவீதத்தினருக்குத் தகுதி இருக்கிறதா என்று உறுதிசெய்ய முடியவில்லை. உறுதிசெய்ய முடியவில்லை என்பதும் திருடினார்கள் என்பதும் ஒன்றல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்று இருக்கிறது. போலி ஆவணங்களோடு 19 கம்பெனிகளிடம் விண்ணப்பித்துப் பார்த்தார்கள். 12 கம்பெனிகள் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொண்டன.

ஏன் சேர்க்கின்றன? நகரத்துப் பக்கம் போனால் பார்த்திருப்பீர்கள். உணவு உதவி அலுவலகத்துக்கு எதிரே, செக்கை மாற்றிப் பணம் தரும் கடைக்குப் பக்கத்தில், ஒரு மடக்கு மேசை, மேலே சின்னக் கூடாரம், கையில் டேப்லெட்டோடு ஒரு பையன். போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டு ஸ்னாப் கார்டு இருக்கிறதா என்று கேட்பான். ஒரு ஆளைச் சேர்த்தால் அவனுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கிற வழக்கம் பல வருடம் இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தலைகள் முளைக்கத்தானே செய்யும்?

எப்படி முளைத்தன என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 2020-இல் எஃப்.சி.சி. டிராக்ஃபோனுக்குச் சுமார் 60 லட்சம் டாலர் அபராதம் முன்மொழிந்தது. அந்த நோட்டீசில் ஃப்ளோரிடாவில் ஏழு வாடிக்கையாளர்களைப் பற்றி வருகிறது. ஏழு முகவரி, ஏழு பேருக்கும் ஒரே பெயர். ஏழு பேரும் பிறந்தது 1978 ஜூலை மாதம். அரசு தருகிற அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி நம்பரின் கடைசி நான்கு எண்களும் ஏழு பேருக்கும் ஒன்றேதான். யாரோ ஒரு ஏஜென்ட் உட்கார்ந்து முகவரியையும் பிறந்த தேதியையும் மாற்றி மாற்றித் தட்டியிருக்கிறார், கம்பெனி அதற்கும் அரசிடம் பணம் கேட்டிருக்கிறது. இதில் எந்த ஏழை போய் ஏமாற்றினார், சொல்லுங்கள்.

இதைவிடப் பெரியது ஸ்பிரின்ட் என்ற செல்போன் கம்பெனியின் விவகாரம். போனைப் பயன்படுத்தாமல் விட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு இணைப்பை நிறுத்த வேண்டும், அந்த ஆளின் பெயரில் பணம் கேட்கக் கூடாது என்று விதி. ஸ்பிரின்ட் சுமார் 8,85,000 பேரின் பெயரில் அப்படி வாங்கியதாக 2019-இல் எஃப்.சி.சி. சொன்னது. முதலில் நூல் பிடித்தது ஓரிகன் மாநில அதிகாரிகள். 2020-இல் 20 கோடி டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டார்கள். இத்தனை பெரிய தொகை. ஆனால் இதற்கு யாரும் 'ஸ்பிரின்ட் போன்' என்று பெயர் வைக்கவில்லை, பார்த்தீர்களா?

என் கோபம் இதில்தான். ரேஷன் கடைக்காரர் போலி கார்டு போட்டு அரிசியைக் கடத்தினால் நாம் கடைக்காரரைப் பிடிக்கச் சொல்வோமா, வரிசையில் பையோடு நிற்கிற பாட்டியைத் திருடி என்போமா? இங்கே விவாதம் முழுக்கப் பாட்டி மேல்தான் நடக்கிறது.

அதே ஃபண்டில் இருந்து இன்னொன்றும் போகிறது. கிராமப்புறங்களில் கம்பி இழுக்கிற போன் கம்பெனிகளுக்கு வருடம் 400 கோடி டாலருக்கு மேல். சமீப வருடங்களில் லைஃப்லைன் செலவு 100 கோடி டாலருக்கும் கீழே. நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம்! அந்த மானியத்தை யாரும் இலவசம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அதற்குப் பெயர் 'உள்கட்டமைப்பு'.

எதிர்த் தரப்பில் எனக்கு நியாயமாகப் படுகிற விஷயம் வேறு. இந்தக் காசு வருமான வரியிலிருந்து வருவதில்லை, போன் பில்லில் இருந்து வருகிறது. கோடீஸ்வரருக்கும் பில் உண்டு, லைஃப்லைனுக்குத் தகுதி வரம்பைக் கொஞ்சமே தாண்டி நிற்கிற ஆளுக்கும் பில் உண்டு. அந்த இரண்டாவது ஆளுக்குத்தான் வலிக்கும். அதோடு கட்டணத்தைக் கணக்கிடுவது போன் கம்பெனிகளுக்கு வருகிற மாநிலம் தாண்டிய, வெளிநாட்டு அழைப்பு வருமானத்தின் மேல்தான். இப்போது யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள்? எல்லாம் வாட்ஸ்அப். வருமானம் சுருங்கச் சுருங்க விகிதம் ஏறுகிறது. 2025-இல் 36 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பிராட்பேண்ட் வருமானத்தையும் சேர்த்தால் விகிதம் சட்டென்று இறங்கும் என்பது ஒரு தரப்பு, அதற்குத்தான் என் ஓட்டு. நாடாளுமன்றமே பட்ஜெட்டில் ஒதுக்கட்டும் என்பது இன்னொரு தரப்பு.

பட்ஜெட் வழி என்ன ஆகும் என்று நாம் பார்த்தாகிவிட்டது. கொரோனா காலத்தில் ஏ.சி.பி. என்ற திட்டத்தில் இன்டர்நெட்டுக்கு மாதம் 30 டாலர் வரை கொடுத்தார்கள். 1,420 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2 கோடியே 30 லட்சம் குடும்பங்கள் சேர்ந்தன. 2024 பிப்ரவரியில் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார்கள், ஜூன் முதல் தேதி திட்டமே முடிந்தது. பணம் தீர்ந்துவிட்டது, மேலும் ஒதுக்க நாடாளுமன்றத்தில் ஆதரவு கூடிவரவில்லை. பில்லில் பிடிக்கிற லைஃப்லைன் மட்டும் 1985-இல் இருந்து நொண்டி நொண்டியாவது ஓடுகிறது. அதையும் சட்டவிரோதம் என்று கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2024-இல் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 9-க்கு 7 என்று ஃபண்டுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதைத் திருப்பி, ஃபண்ட் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலினா கேகன்.

போன் ஆடம்பரம் என்கிறவர்களுக்கு ஒன்று. ஸ்னாப் உதவிக்கான நேர்காணலே பெரும்பாலும் போனில்தான் நடக்கிறது. தெரியாத நம்பரில் இருந்து கூப்பிடுவார்கள், எடுக்கவில்லை என்றால் மறுபடி வரிசை, சில நேரம் சாப்பாட்டு உதவியே தள்ளிப்போகும். வேலைக்கு ஆள் எடுக்கிறவரும் அப்படித்தான், ஒருமுறை கூப்பிடுவார், அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பிளான் இல்லாத செட்டிலும் 911 போகும், அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போகும். ஆனால் லைன் துண்டானால் அவர்கள் திருப்பிக் கூப்பிட நம்பர் இருக்காது. வீட்டு வன்முறையில் இருந்து தப்பித்து வருகிறவர்களுக்கு ஆறு மாதம் வரை லைஃப்லைன் உதவி தர 2022-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்த நிலையில் இருக்கிற பெண்ணிடம் போய் இது ஆடம்பரம் என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இது தேவைப்பட்டால், அந்தக் கூடாரத்துப் பையனிடம் ஸ்னாப் கார்டையோ சோஷியல் செக்யூரிட்டி நம்பரையோ நீட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் லைஃப்லைன்சப்போர்ட் டாட் ஆர்க் என்ற தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், காசு கிடையாது. ஒரே முகவரியில் இரண்டு குடும்பம் வாடகைக்கு இருந்தால் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. வருமானத்தையும் செலவையும் பகிர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டு ஒரு தனிப் படிவம் உண்டு, இல்லை என்றால் இரண்டு குடும்பமாகவே எண்ணுவார்கள். சேர்ந்த பிறகு மாதம் ஒருமுறையாவது ஒரு கால் பேசுங்கள் அல்லது ஒரு மெசேஜ் அனுப்புங்கள். முப்பது நாள் தொடாமல் இருந்தால் நோட்டீஸ் வரும், அதன்பின் 15 நாளில் இணைப்புப் போய்விடும்.