காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

எனக்குத் தந்திருப்பது பன்னிரண்டு நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளைக்குப் பழகிய வாய் இது. முப்பத்துநான்கு ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். இங்கே கரும்பலகையும் இல்லை, வெண்கட்டியும் இல்லை. அதனால் படம் கீறி விளக்க வேண்டியவற்றையெல்லாம் வீட்டிலே வைத்துவிட்டு, உங்கள் வளவில் கிடப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இரண்டும் தற்செயலாக ஒன்றாக நடந்தன, காகத்துக்கும் பழத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அதன் பொருள். நல்லது, காகம் தப்பிவிட்டது. அப்படியானால் பழத்தை விழுத்தியது யார்? வகுப்பில் கேட்டால் "புவியீர்ப்பு, சேர்" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். நான் விடமாட்டேன். நேற்று ஏன் விழவில்லை? நேற்றுப் புவிக்கு விடுமுறையா? வகுப்பு அமைதியாகிவிடும்.

நேற்றும் புவி அந்தப் பழத்தை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. குரும்பையாக இருந்த நாள் தொட்டு இழுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் கீழே எவ்வளவு இழுத்ததோ, காம்பு அதே அளவுக்கு மேலே பிடித்து வைத்திருந்தது. இரண்டும் சமன், பழம் அசையவில்லை. ஆவணி மாதத்து இரவொன்றில் காம்பு விட்டது. எதிரே பிடித்தவன் போய்விட்டான், இழுத்தவன் மட்டும் மிஞ்சினான். அந்த மிச்சத்தைத்தான் எங்கள் பாடப்புத்தகம் விளையுள் விசை என்கிறது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததும் அந்த மிச்சத்தைப் பற்றித்தான். ஒரு பொருளின் மீது எத்தனை விசைகளும் இருக்கலாம். கூட்டிக் கழித்து மிஞ்சுவது எதுவோ அதுதான் அதன் ஓட்டத்தை மாற்றும். மிச்சம் இல்லையென்றால் மாற்றமும் இல்லை.

சரி, பழம் புறப்பட்டுவிட்டது. இருபது மீற்றர் உயரப் பனை என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு வர இரண்டு செக்கன் ஆகும். முதலாவது செக்கனில் ஏறத்தாழ ஐந்து மீற்றர்தான் இறங்கியிருக்கும். மிச்சப் பதினைந்து மீற்றரையும் இரண்டாவது செக்கனில் கடந்துவிடும். ஒன்றுக்கு மூன்று. இன்னும் உயரமான பனையாக இருந்தால் அடுத்த செக்கனில் ஐந்து பங்கு, அதற்கடுத்ததில் ஏழு பங்கு. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. இந்த ஒற்றை எண் வரிசையைக் கண்டு சொன்னவர் கலிலியோ. விழும் பொருள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் போகிறதே என்று, அவர் சாய்வான பலகையில் தவாளிப்பு வெட்டி, வெண்கலக் குண்டை உருட்டி, விழுகையை மெதுவாக்கிப் பார்த்தார். நேரத்தை அளக்கச் சரியான கடிகாரம் இல்லை. ஒரு பாத்திரத்திலிருந்து நீரை மெல்லிய குழாய் வழியாக ஒழுக விட்டு, குண்டு உருளும் நேரத்தில் சேர்ந்த நீரை நிறுத்தார். வீட்டுக்காவலில் இருந்த கிழவருடைய புத்தகம் 1638 இல் வெளிவந்தது. அன்றைய ஆய்வுகூடத்தில் இருந்ததைவிட உங்கள் குசினியில் இன்று அளக்கும் சாமான் அதிகம்.

கீழே வரும்போது பழத்தின் வேகம் செக்கனுக்கு இருபது மீற்றர், மணிக்கு எழுபது கிலோமீற்றர் அளவில். காற்றின் தடையைக் கழித்தால் கொஞ்சம் குறையும். நிறுத்தமில்லாமல் ஓடும் பஸ்ஸின் வேகம். விடியற்காலையில் பனங்காணிக்குள் பழம் பொறுக்க ஓடிய சிறுவர்களில் நானும் ஒருவன். "தலையைப் பார்த்துப் போ" என்று அம்மா கத்துவார். அம்மாவுக்குச் சமன்பாடு தெரியாது, விடை தெரிந்திருந்தது.

இப்படி வேகம் கூடிக்கொண்டு போவதை நாங்கள் ஆர்முடுகல் என்கிறோம். தமிழ்நாட்டில் முடுக்கம் என்பார்கள். அங்கிருந்து புத்தகம் வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்: அங்கே நிறை என்றால் நம்முடைய திணிவு, நாம் நிறை என்பது அவர்களுக்கு எடை. இதனால் கணக்குப் பிழைத்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். எனக்கு ஆர்முடுகல் என்ற சொல்லில் தனி விருப்பம். பண்ணிசைக்காரர் முடுகு என்பார்களே, பாட்டு திடீரென்று விரைந்தோடும் இடம், அந்தச் சொல் இதற்குள் இருக்கிறது. புவியின் முடுகு செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர். ஒவ்வொரு செக்கனும் வேகத்தில் இன்னொரு 9.8 கூடும்.

பெரிய பழம் முந்தி விழுமா, சின்னப் பழம் முந்தி விழுமா? பெரியதுதான் என்று மனம் சொல்லும். ஒரே அளவான மூன்று பழங்கள் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன என்று நினையுங்கள். மூன்றும் ஒன்றாகவே நிலத்துக்கு வரும், அதில் சந்தேகமில்லை. இப்போது அந்த மூன்றும் ஒரே குலையில் ஒட்டிக்கொண்டு விழுகின்றன. ஒட்டியிருப்பதனால் மட்டும் அவசரம் வந்துவிடுமா? குலையைப் புவி மூன்று மடங்கு இழுக்கிறது, உண்மை. ஆனால் அசைக்க வேண்டிய பாரமும் மூன்று மடங்கு. கணக்குச் சரிக்குச் சரி.

ஆனால் ஓலை மெல்ல ஆடி ஆடி விழுகிறதே என்பீர்கள். காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம். அதைத் தாங்கித் தாங்கி இறக்குவது காற்று. காற்றில்லாத இடத்தில் பழமும் ஓலையும் சேர்ந்தே விழும். 1971 இல் அப்பலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்கொட் சந்திரனில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் வல்லூற்றின் இறகுமாகப் பிடித்து இரண்டையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

இப்போது கிணற்றடிக்கு வருவோம். எதைப் பேசத் தொடங்கினாலும் நான் கிணற்றடிக்கு வந்துவிடுவேன் என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் வீட்டுக் கிணற்றில் துலா இருந்தது: ஒரு முனையில் கயிறும் வாளியும் தொங்க, ஏறி இறங்கித் தண்ணீர் அள்ளும் நீண்ட மரம். பூவரச மரத்து ஆடுகால், பனந்துலா, பின்பக்கத்தில் கட்டிய கல். இளையவர்கள் துலாவைக் கண்டிருக்க மாட்டார்கள், மோட்டர் வந்துவிட்டது. தோட்டக் கிணறுகளில் துலாவின் மேலேயே ஆட்கள் ஏறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார்கள், கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் அப்படித்தான் போனது. வீட்டுத் துலா சிறியது. ஒன்பது வயதில் எனக்கு அதில் அள்ள ஆசை. அம்மப்பா அனுமதி தந்தார். முதல் வாளி நன்றாக வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் வீரம் வந்துவிட்டது. நிறைந்த வாளியைக் கயிற்றோடு சேர்த்து ஒரே வெட்டாக வெட்டி இழுத்தேன். கயிறு அறுந்தது. வாளி அடியில் போய்க் குந்திக்கொண்டது. கொழுக்கி கட்டிப் பின்னேரம் வரை துழாவினோம்.

நான் அடிக்குப் பயந்து நிற்க, அம்மப்பா அறுந்த நுனியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கயிற்றுக்குச் சொல்லிக்கொண்டு இழு, ராசா."

அவ்வளவுதான். எனக்கு அது விளங்கவில்லை. அதே கயிறு முதல் இரண்டு வாளிகளையும் தூக்கியதே, மூன்றாவது வாளியில் என்ன கூடுதல் பாரம் என்று பல நாள் யோசித்தேன். உயர்தரத்தில் நியூற்றனின் இரண்டாம் விதியைப் படித்த அன்றைக்குத்தான் அறுந்த நுனி திரும்பக் கண்ணுக்குள் வந்தது. பத்துக் கிலோ வாளியை ஒரே சீரான வேகத்தில் ஏற்றும்போது கயிறு தாங்குவது பத்துக் கிலோவின் நிறையைத்தான். மெல்ல ஏற்றினாலும் விரைவாக ஏற்றினாலும், சீராக இருக்கும் வரைக்கும் அதே பத்துத்தான். இதைக் கேட்டு யாரும் நம்புவதில்லை, ஆகவே இன்னொரு முறை சொல்கிறேன்: சீரான வேகமாக இருந்தால் வேகம் எவ்வளவாக இருந்தாலும் கயிற்றுக்குப் பத்துக் கிலோதான். ஆனால் நிற்கும் வாளியை வெட்டி இழுத்தால் அதற்கு மேல்நோக்கி ஓர் ஆர்முடுகல் கொடுக்க வேண்டும். அதற்கான விசையையும் அதே கயிறுதான் தர வேண்டும். மேல்நோக்கிய ஆர்முடுகல் புவியின் 9.8 அளவுக்கு வந்துவிட்டால், பத்துக் கிலோ வாளி கயிற்றுக்கு இருபது கிலோவாகத் தெரியும். வாளி மாறவில்லை, தண்ணீர் மாறவில்லை. நான் இழுத்த விதம் மாறியது. பழைய கயிறு, பாவம், அதற்கு யாரும் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் மின்னுயர்த்தி இருக்கிறது. அது மேலே புறப்படும் கணத்தில் உங்கள் கால்கள் பாரமாகின்றனவே, அங்கே நீங்கள்தான் வாளி. நடுவழியில் சீராக ஓடும்போது ஒன்றும் தெரியாது.

விசை இருந்தால்தான் ஓட்டம் இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் பிறவியிலேயே வந்த பிழை. சைக்கிளை மிதித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது, வேறென்ன சொல்ல என்று தோன்றும். சோளகக் காற்றுக்கு எதிராகப் பருத்தித்துறை வீதியில் மிதித்துப் பாருங்கள். தொடை கழன்றுபோகும், வேகம் ஒரு நூல் கூடாது. நீங்கள் கொடுக்கும் விசை முழுவதையும் காற்றும் உராய்வும் தின்றுவிடுகின்றன, மிச்சம் பூச்சியம். திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், அதே மிதிக்குச் சைக்கிள் பறக்கும். உங்கள் கால் மாறவில்லை, மிச்சம் மாறியது.

விடைத்தாள்களில் என்னை மிக அதிகமாக நோகடித்த ஒரு பிழையைச் சொல்லாமல் போக மாட்டேன். மாங்காய்க்கு எறிந்த கல் நேரே மேலே போய் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் ஆர்முடுகல் என்ன? பூச்சியம் என்று எழுதுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளும் எழுதுவார்கள். பூச்சியமாக இருந்தால் கல் மாமரத்துக்கு மேலேயே குந்திக்கொண்டிருக்குமே! வேகம் பூச்சியம், ஆர்முடுகல் அதே 9.8, கீழ்நோக்கி. ஏறும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். கல் கையை விட்ட பிறகு அதை மேலே தள்ளுவதற்கு யாருமில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் உயர்தர மாணவர்களே, இதை மட்டும் எனக்காக நினைவில் வைத்திருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம் என்று நினைக்கிறேன். இல்லை, தலையை ஆட்டுகிறார், இப்போது ஒரு விரல்.

நிலாவைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன். ஒரே மூச்சில் சொல்கிறேன். நிலாவும் பனம்பழத்தைப் போலவே விழுந்துகொண்டிருக்கிறது. பக்கவாட்டில் செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் அளவில் ஓடிக்கொண்டே விழுவதால் புவியைத் தவறவிட்டுத் தவறவிட்டுச் சுற்றி வருகிறது. புவியின் நடுவிலிருந்து அது நம்மைவிட அறுபது மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே இழுப்பு அறுபதின் அறுபது, 3600 இல் ஒரு பங்கு. பழம் ஒரு செக்கனில் விழும் ஐந்து மீற்றரை நிலா விழுந்து முடிக்க ஒரு நிமிடம் எடுக்கும். கணக்குப் பொருந்துகிறது என்று நியூற்றன் கண்டார். 1687 இல் அவருடைய புத்தகம் வந்தபோது மரத்துப் பழத்துக்கும் வானத்து நிலாவுக்கும் ஒரே விதியாகிவிட்டது.

தேரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன். வடம் பிடித்து அசைக்க ஏன் அத்தனை பேர் வேண்டும், ஓடத் தொடங்கியதை நிறுத்த ஏன் முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்று. அது அப்படியே சட்டைப்பைக்குள் திரும்புகிறது. தம்பி இப்போது விரலையும் மடக்கிவிட்டார்.

வணக்கம்.